பல் பிடுங்கிய குழியில் என்ன நடக்கிறது?

சென்ற ஆண்டு கோடை விடுமுறையில் என் கீழ்த்தாடையின் இடப்பக்கத்துக் கடைவாய்ப் பல் ஒன்றைப் பிடுங்க வேண்டியதாயிற்று. சொத்தை என்று தெரிந்தும், அடுத்த விடுமுறையில் பார்த்துக்கொள்ளலாம் என்று நான்கு ஆண்டுகளாகத் தள்ளிப்போட்டு வந்த பல் அது. பிடுங்கும் வேலை கால் மணி நேரத்தில் முடிந்தது. மரத்துப்போகும் ஊசி போட்டிருந்ததால் வலியும் இல்லை. டாக்டர் குழியின் மேல் பஞ்சை வைத்து, "கடித்துக்கொள்ளுங்கள், முக்கால் மணி நேரம் எடுக்காதீர்கள்" என்றார். ஒரு துண்டுச் சீட்டும் கொடுத்தார். அதில் ஐந்து வரிகள்: துப்பாதீர்கள், கொப்புளிக்காதீர்கள், உறிஞ்சிக் குடிக்காதீர்கள், சூடாக எதுவும் சாப்பிடாதீர்கள், புகை பிடிக்காதீர்கள். ஏன் என்பதற்கு ஒரு சொல்லும் இல்லை.

வீட்டில் வேறு வைத்தியம் காத்திருந்தது. ஊரிலிருந்து வந்திருந்த பெரியம்மா வாசலிலேயே, "வாய்க்குள்ளேயே வச்சிருக்காதே தம்பி. நல்லாக் கொப்புளிச்சுத் துப்பு. கெட்ட ரத்தமெல்லாம் வெளியே போகட்டும்" என்றார். சீட்டு காரணம் சொல்லவில்லை, பெரியம்மா சொன்னார். காரணம் சொல்பவருக்குத்தானே மதிப்பு! பஞ்சை எடுத்தெறிந்துவிட்டு, மணிக்கு ஒரு முறை உப்பு நீரால் கொப்புளித்துத் துப்பினேன். மென்று தின்ன முடியாததால் மாலையில் இளநீர் வாங்கி உறிஞ்சுகுழல் போட்டுக் குடித்தேன். மறுநாளும் அப்படியே.

மூன்றாம் நாள் இரவு தாடையில் கிளம்பிய வலி காதுக்குள் ஏறி நின்றுகொண்டது. பல் இருந்தபோதுகூட அப்படி வலித்ததில்லை. விடியும் வரை கடிகாரத்தைப் பார்த்துக்கொண்டிருந்தேன். காலையில் டாக்டர் சிறு கண்ணாடியை உள்ளே விட்டுப் பார்த்து, "குழி காலியாக இருக்கிறதே!" என்றார். நடந்ததைச் சொன்னேன். சற்று நேரம் பேசாமல் இருந்துவிட்டு, "நீங்கள் இயற்பியல் ஆசிரியர்தானே?" என்று மட்டும் கேட்டார்.

ஆண்டுதோறும் முதலாண்டு மாணவர்களுக்கு வளிமண்டல அழுத்தமும் டாரிசெல்லியின் சோதனையும் நடத்துபவன் நான். அந்தச் சீட்டின் ஐந்து வரிகளுக்கும் காரணம் என் பாடப்புத்தகத்திலேயே இருந்தது. துப்பித் தீர்க்க வேண்டிய கெட்ட இரத்தம் என்று நான் எண்ணியதுதான் அந்தப் புண்ணுக்கு உடல் தானே போட்டுக்கொண்ட மருந்து. அது எப்படி என்று காண்போம்.

ஆணி அல்ல, ஊஞ்சல்

பல் தாடையெலும்பில் ஆணிபோல் அறைந்து வைக்கப்பட்டிருப்பதாகப் பலர் நினைக்கின்றனர். உண்மையில் பல்லின் வேருக்கும் எலும்புக்கும் இடையே ஏறத்தாழ 0.2 மில்லிமீட்டர் இடைவெளி உண்டு. அந்த இடைவெளி முழுவதும் நுண்ணிய நார்கள். அவற்றின் ஒரு முனை வேரிலும் மறுமுனை எலும்பிலும் புதைந்திருக்கும். பல் இந்த நார்களில் ஊஞ்சல்போலத் தொங்கிக்கொண்டிருக்கிறது எனலாம். கல்லைக் கடித்தாலும் பல் உடனே உடைந்துவிடாமல் இருப்பதற்கு இந்த ஊஞ்சலும் ஒரு காரணம்.

டாக்டர் பல்லைப் பிடுங்கும்போது நேராக இழுப்பதில்லை. முன்னும் பின்னுமாக அசைத்து, எலும்புக் குழியைச் சற்றே விரியச் செய்து, நார்களை அறுத்து, பிறகே தூக்குகிறார். நார்களோடு அவற்றுக்கிடையே ஓடும் சிறு இரத்தக் குழாய்களும், வேர் நுனி வழியாகப் பல்லுக்குள் செல்லும் குழாய்களும் அறுபடுகின்றன. மிஞ்சுவது ஒரு எலும்புக் குழி. கீழ்க் கடைவாய்ப் பல்லுக்குப் பெரும்பாலும் இரண்டு வேர்களாதலால், அடியில் இரு கிளையாகப் பிரிந்த குழி.

(சிறுவர்களின் பால் பல் விழும்போது இவ்வளவு பாடு இல்லையே என்று கேட்கலாம். அங்கே கீழிருந்து வரும் புதுப் பல்லுக்கு வழிவிட்டுப் பால் பல்லின் வேர் முன்னரே கரைந்துவிடுகிறது. நாம் கூரைமேல் எறிந்த பல் வேரற்ற பல்.)

கையில் கத்தி பட்டால் காயத்தின் இரு ஓரங்களையும் சேர்த்துத் தைத்துவிடலாம். எலும்புக் குழியின் சுவர்களை அவ்வாறு சேர்க்க முடியாது. அது அடியிலிருந்து மேலே நிரம்பித்தான் ஆறவேண்டும். அதுவும் எப்படிப்பட்ட இடத்தில்? எப்போதும் ஈரம், கோடிக்கணக்கான நுண்ணுயிர்கள், நாளொன்றுக்கு அரை லிட்டர் முதல் ஒன்றரை லிட்டர் வரை சுரக்கும் உமிழ்நீர், ஓயாமல் அசையும் நாக்கு! கட்டுப் போடவும் வழியில்லை. இந்த நிலையில் குழிக்குக் கதவாகவும் கட்டாகவும் அமைவது, அதில் தேங்கி உறையும் இரத்தமே.

இரத்தம் நெய்யும் வலை

ஒரு கன மில்லிமீட்டர் இரத்தத்தில் ஒன்றரை லட்சம் முதல் நாலரை லட்சம் வரை இரத்தத் தட்டுகள் உள்ளன. ஒவ்வொன்றும் ஒரு மில்லிமீட்டரில் ஐந்நூறில் ஒரு பங்கு அகலமே உள்ளது. இரத்தக் குழாய் அறுந்த இடத்தில் இவை ஓடிவந்து ஒட்டிக்கொள்கின்றன. ஒட்டியபின் வேறு தட்டுகளை அழைக்கும் வேதிப்பொருள்களை வெளிவிடுகின்றன. இது முதல் அடைப்பு. அடுத்து, இரத்தத்தில் கரைந்திருக்கும் ஃபைப்ரினோஜன் என்னும் புரதம், கரையாத ஃபைப்ரின் நூல்களாக மாறுகிறது. இந்த நூல்கள் குறுக்கும் நெடுக்குமாகப் பின்னி வலையாகின்றன. வலையில் மீன்போலச் சிவப்பணுக்கள் சிக்கிக்கொள்ள, இரத்தம் கூழாகிறது, பிறகு கெட்டிப்படுகிறது. பாலில் உறை ஊற்றினால் தயிர் தோய்வதை நினைத்துக்கொள்ளலாம். தோயும்போது பாத்திரத்தை ஆட்டிக்கொண்டே இருந்தால் தயிர் என்னவாகும் என்பது நம் வீட்டுப் பெண்களுக்குத் தெரியும்!

இந்த உறைகட்டி வெறும் அடைப்பான் மட்டுமன்று. குழியின் சுவர்களிலிருந்து வரும் புதிய செல்கள் பற்றி ஏறும் சாரமும் அதுவே. கட்டடம் கட்டச் சாரம் கட்டியபின், கொத்தனார் வருமுன் சாரத்தை யாரேனும் பிரித்து எறிந்தால் எப்படியோ, அப்படித்தான் நான் செய்தேன்.

பஞ்சும் பாதரசமும்

பஞ்சைக் கடிக்கச் சொல்வது இரத்தத்தை ஒற்றி எடுப்பதற்காக என்று எண்ணியிருந்தேன். அது பாதி உண்மைதான். முக்கிய வேலை அழுத்தம்.

இரத்த அழுத்தத்தைப் பாதரச மில்லிமீட்டரில் சொல்கிறோம். இந்தப் பழக்கத்துக்கு வழிகாட்டியவர் பிரான்சு நாட்டின் புவாசெய். 1828 ஆம் ஆண்டிலேயே பாதரச அழுத்தமானியால் இரத்த அழுத்தத்தை அளந்தவர். பெரிய தமனியில் அழுத்தம் 120/80 என்றாலும், தந்துகிகள் எனப்படும் நுண்குழாய்களை அடைவதற்குள் அது 35 முதல் 15 மில்லிமீட்டர் அளவுக்கு இறங்கிவிடுகிறது. குழிக்குள் கசிவது பெரும்பாலும் இத்தகைய சிறு குழாய்களிலிருந்துதான்.

ஒரு மில்லிமீட்டர் பாதரசம் என்பது ஒரு சதுர சென்டிமீட்டருக்கு 1.36 கிராம் எடை. ஆகவே 35 மில்லிமீட்டரை எதிர்த்து நிற்க, ஒரு சதுர சென்டிமீட்டரில் 48 கிராம் எடை போதும். ஐம்பது கிராம்! ஒரு கோழிமுட்டையின் எடை. பற்களை நெரித்துக் கடிக்கத் தேவையே இல்லை. ஆனால் அந்தச் சிறு அழுத்தம் இடைவிடாமல் இருக்கவேண்டும். நின்றுவிட்டதா என்று ஐந்து நிமிடத்துக்கு ஒரு தடவை பஞ்சை எடுத்துப் பார்ப்பவர், அப்போதுதான் பின்னத் தொடங்கிய ஃபைப்ரின் வலையைப் பஞ்சோடு பிய்த்தெடுக்கிறார். முப்பது முதல் நாற்பத்தைந்து நிமிடம் வரை ஒரே மூச்சாகக் கடித்திருப்பதே சரி. பிறகும் கசிந்தால் புதிய பஞ்சை நனைத்துப் பிழிந்து வைத்து இன்னொரு அரை மணி. பஞ்சு கிடைக்காவிட்டால் தேயிலைப் பை ஒன்றைக் குளிர்ந்த நீரில் நனைத்து மடித்துக் கடிக்கலாம். தேயிலையில் உள்ள டானின் திசுக்களைச் சுருக்குகிறது. பாக்கு மென்றால் வாய் இழுப்பதும் இதே பொருளால்தான். அதற்காகப் பாக்கை மெல்லப் போய்விடக் கூடாது.

இரத்தம் நின்றபிறகும் முதல் நாள் முழுவதும் எச்சில் செந்நிறமாக இருக்கலாம். இதைக் கண்டு பலர் அஞ்சுகின்றனர். ஒரு துளி சிவப்பு மை ஒரு தம்ளர் நீரை முழுவதும் சிவப்பாக்குவதை ஆய்வுக்கூடத்தில் பார்த்திருக்கிறோம். வாயிலும் அதே கதைதான். ஒரு துளி இரத்தம் ஒரு வாய் எச்சிலைச் சிவக்கவைக்கும். துப்பாமல் விழுங்கிவிடலாம்; அந்தச் சிறு அளவினால் கெடுதல் இல்லை. பஞ்சு தோய்ந்து, கட்டிகட்டியாகச் சிவப்பு இரத்தம் வாயை நிரப்பிக்கொண்டே வந்தால்தான் கவலைப்பட வேண்டும்.

உறிஞ்சுவதில் என்ன குற்றம்?

உறிஞ்சுகுழலில் நாம் இளநீரை 'இழுப்பதாக'ச் சொல்கிறோம். இயற்பியலில் இழுப்பு என்று ஒன்று இல்லை. வாய்க்குள் அழுத்தத்தைக் குறைக்கிறோம். வெளியே உள்ள காற்று இளநீரை மேலே தள்ளுகிறது. இருபது சென்டிமீட்டர் உயரத்துக்கு நீர் ஏறவேண்டுமானால், வாய்க்குள் அழுத்தம் வெளியைவிடச் சதுர சென்டிமீட்டருக்கு 20 கிராம் குறையவேண்டும். பாதரசக் கணக்கில் அது ஏறத்தாழ 15 மில்லிமீட்டர்.

பதினைந்துதானே என்று தோன்றும். ஆனால் தந்துகிகளில் உள்ள அழுத்தமே 35 முதல் 15 வரைதான் என்பதை நினைவுகூர்க. அதாவது ஒவ்வொரு உறிஞ்சலிலும், உறைகட்டியைக் கீழிருந்து தள்ளும் விசையோடு அதற்கு நிகரான இன்னொரு விசையைச் சேர்க்கிறோம். இளநீர் தீரும் சமயத்தில் கடைசிச் சொட்டுக்காக 'கர்' என்று இழுப்போமே, அப்போதும், கெட்டியான பழக்கூழை இழுக்கும்போதும் இது பல மடங்காகும்.

துப்புவதும் அப்படியே. துப்புமுன் நாம் என்ன செய்கிறோம்? கன்னங்களை உட்குழித்து எச்சிலை முன்னால் திரட்டுகிறோம். அது உறிஞ்சுதலேயன்றி வேறன்று. கொப்புளிப்பதில் நீர் குழியின் வாயில் சுழன்று, இன்னும் கெட்டிப்படாத கட்டியை அரிக்கிறது. ஆற்றங்கரை அரிப்பைப் பார்த்தவர்களுக்கு இதை விளக்க வேண்டியதில்லை. பீடி, சிகரெட் விஷயத்தில் உறிஞ்சுதலோடு மேலும் கேடுகள் சேர்கின்றன: புகையின் சூடு, இரத்தக் குழாய்களைச் சுருக்கிப் புண்ணுக்கு வரவேண்டிய இரத்தத்தைக் குறைக்கும் நிகோடின். குறைந்தது மூன்று நாளாவது விட்டிருப்பது நல்லது. பல்வலிக்குப் புகையிலையை அடக்கிக்கொள்ளும் வழக்கம் நம் கிராமங்களில் உண்டு. பிடுங்கிய குழியில் அதைச் செய்தால் புண்ணில் தூசியைக் கொட்டியதாகும். மஞ்சள்தூள், காப்பித்தூள் வைத்து அடைப்பதும் அப்படித்தான். தூள் கட்டிக்குள் புகுந்தால் ஆறுவது தடைப்படும்.

பனிக்கட்டியும் தலையணையும்

புவாசெய் குழாய்களில் நீர்மம் பாய்வதைப் பற்றி ஒரு விதி கண்டவர் என்பதை மாணவர்கள் அறிவர். பாயும் அளவு ஆரத்தின் நான்காம் படிக்கு நேர்விகிதத்தில் இருக்கும். குழாயின் ஆரம் பாதியானால் ஓட்டம் பதினாறில் ஒன்றாகும்! வகுப்பில் இந்த விதியைக் கண்ணாடிக் குழாயிலும் நிறுத்து கடிகாரத்திலும் வைத்து முடித்துவிடுகிறோம். அதை அவர் தேடியதே தந்துகிகளில் இரத்தம் ஓடுவதைப் புரிந்துகொள்ளத்தான்.

குளிர்ச்சி இரத்தக் குழாய்களைச் சுருக்குகிறது, சூடு விரிக்கிறது. நான்காம் படி என்பதால், சிறிதளவு சுருங்கினாலும் ஓட்டம் வெகுவாகக் குறையும். சிறிது விரிந்தாலும் வெகுவாகப் பெருகும். ஆகவேதான் முதல் நாள் சுடச்சுடக் காப்பியும் இரசமும் வேண்டாம் என்பது. கன்னத்தின் வெளிப்பக்கம் பனிக்கட்டியைத் துணியில் சுற்றிப் பதினைந்து, இருபது நிமிடம் வைத்து, அதே நேரம் எடுத்துவிட்டு, மறுபடி வைக்கலாம். ஒரு கிராம் பனிக்கட்டி உருக 80 கலோரி வெப்பத்தை எடுத்துக்கொள்வதால் வெறும் குளிர்ந்த நீரைவிட அது வலுவானது. அந்த வலு காரணமாகவே துணியின்றித் தோலில் நேராக வைக்கக் கூடாது. வீக்கம் இரண்டாம், மூன்றாம் நாளில் உச்சத்தை அடைந்து பிறகு வடியும். குளிர்ச்சியால் பயன் முதல் நாளில்தான். இரண்டு நாள் கழித்துத் தாடை பிடித்துக்கொண்டாற்போல் இருந்தால், அப்போது இதமான ஒத்தடம் கொடுக்கலாம்.

மரத்த உதடு உணர்வு திரும்பச் சில மணி நேரமாகும். அதுவரை எதையும் மெல்லாதிருப்பது நல்லது. தன் உதட்டையும் நாக்கையும் கடித்துக்கொண்டு அறியாதிருப்பவர்கள் உண்டு, குறிப்பாகச் சிறுவர்கள். மரக்கும் மருந்தோடு பெரும்பாலும் சிறிது அட்ரினலினும் சேர்ப்பார்கள். அது குழாய்களைச் சுருக்கி வைத்திருக்கும். அதன் வேகம் தீர்ந்ததும் மீண்டும் சற்றுக் கசியக்கூடும். அப்போது பதறாமல் பஞ்சைக் கடிக்கவேண்டும்.

இரவில் படுக்கும்போது இன்னொரு கணக்கு. நாம் நிமிர்ந்திருக்கையில் வாய் இதயத்துக்கு மேலே ஏறத்தாழ 30 சென்டிமீட்டர் உயரத்தில் உள்ளது. ஒவ்வொரு சென்டிமீட்டர் உயர்வுக்கும் அழுத்தம் 0.78 மில்லிமீட்டர் குறைகிறது. தட்டையாகப் படுத்தால் அந்தச் சலுகை போய், வாயில் இரத்த அழுத்தம் 23 மில்லிமீட்டர் கூடிவிடுகிறது. பகலில் நின்ற கசிவு இரவில் தலையணையைக் கறையாக்குவது இதனால்தான். தலைக்கு இரண்டு தலையணை வைத்துக்கொண்டால் போதும். முதல் நாள் பளு தூக்குவதும், குனிந்து வேலை செய்வதும் கூடாதென்பதற்கும் இதுவே காரணம்.

வறண்ட குழி

எனக்கு வந்த நோய்க்குப் பெயர் வறண்ட குழி. 1896 ஆம் ஆண்டில் கிராஃபோர்டு என்பவர் இதை முதன்முதலாக விவரித்தார். கட்டி கரைந்தோ கழன்றோ போய்விட, எலும்பு காற்றுக்கும் உணவுக்கும் எச்சிலுக்கும் திறந்து கிடக்கிறது. பல் பிடுங்கிய இரண்டு மூன்று நாள் கழித்து வலி தொடங்கும். சாதாரணமாக ஆறும் புண்ணில் வலி நாளுக்கு நாள் குறையும். இங்கே குறைந்த வலி திரும்பி ஏறும். இதுதான் அடையாளம். கீழ்த்தாடைக்கும் காதுப் பக்கத்துக்கும் செல்லும் நரம்புகள் ஒரே பெரிய நரம்பின் கிளைகள். அதனால் குழியின் வலி காதில் தெரிகிறது. நானும் முதலில் காதுக்குத்தான் மருந்து தேடினேன்!

1970களில் டென்மார்க்கின் பிர்ன் என்னும் ஆய்வாளர் இதன் உட்காரணத்தை ஆராய்ந்தார். ஃபைப்ரின் வலையைக் கரைக்கும் பிளாஸ்மின் என்னும் பொருள் நம் உடலிலேயே உண்டு. வேலை முடிந்த கட்டிகளை அகற்ற அது தேவை. காயம் அதிகமாகப் பட்ட எலும்பிலும், கிருமித் தொற்றுள்ள இடத்திலும் இந்தப் பொருள் காலத்துக்கு முன்பே எழுப்பப்பட்டு, வேண்டிய கட்டியையே கரைத்துவிடுகிறது என்று அவர் காட்டினார். ஆகவே, இளநீர்தான் என் குழியைக் காலி செய்தது என்று அடித்துச் சொல்ல நான் துணியமாட்டேன். ஒரே ஒரு சோதனையை வைத்து முடிவு சொல்லும் மாணவனுக்கு நான் மதிப்பெண் கொடுப்பதில்லை. என் பல் நெடுநாள் சீழ் பிடித்திருந்த பல்; கீழ்த்தாடைப் பல் வேறு. அங்கே எலும்பு அடர்த்தி மிக்கது, இரத்த ஓட்டம் குறைவு. இருந்தாலும், நழுவக் காத்திருந்த கட்டியை நான் இரண்டு நாள் விடாமல் ஆட்டினேன் என்பதில் ஐயமில்லை.

சாதாரணமாகப் பிடுங்கும் பற்களில் நூற்றுக்கு ஒன்று முதல் ஐந்து வரை இவ்வாறு ஆகிறது. எலும்புக்குள் புதைந்த கீழ் ஞானப்பல்லை அறுத்தெடுக்கும்போது நூற்றுக்கு முப்பது வரைகூடப் போகலாம். புகை பிடிப்பவர்களிடமும், கருத்தடை மாத்திரை உட்கொள்ளும் பெண்களிடமும் சற்று அதிகம். அஞ்சத்தக்க நோய் அன்று. டாக்டர் குழியை உப்பு நீரால் கழுவி, கிராம்பு எண்ணெயின் சாரமான யூஜினால் சேர்ந்த மருந்துத் திரியை வைத்தார். பத்தே நிமிடத்தில் வலி அடங்கியது. கிராம்பு என்றதும் வீட்டிலேயே எண்ணெயை ஊற்றிக்கொள்ளலாமே என்று தோன்றும். வேண்டாம். அளவு மீறினால் அது திறந்த திசுவைப் பொசுக்கும். வாரம் பத்து நாளில் எலும்பின் மேல் புதிய திசு வளர்ந்து மூடிவிடுகிறது. ஆறுவது உறுதி, ஆனால் தாமதமாக, வலியோடு ஆறும்.

இரண்டாம் நாளிலிருந்து

முதல் இருபத்துநான்கு மணி நேரம் கழிந்தால் பெரியம்மாவின் உப்பு நீருக்கு வேளை வந்துவிடுகிறது. அவர் சொன்ன மருந்து சரி, நாள்தான் தவறு. ஒரு தம்ளர் வெதுவெதுப்பான நீரில் அரைத் தேக்கரண்டி உப்பு. நம் இரத்தத்துக்குச் சமமான உப்புக் கரைசல் லிட்டருக்கு ஒன்பது கிராம். இது அதைவிடச் சற்றே கூடுதல். வெறும் நீரைவிட இது திசுவுக்கு இதமாக இருப்பதற்குச் சவ்வூடு பரவலே காரணம். வாயில் வைத்துத் தலையை இப்புறமும் அப்புறமும் சாய்த்து, தொட்டியில் தானாக விழும்படி வாயைத் திறந்தால் போதும். சாப்பிட்டபின் ஒவ்வொரு முறையும், ஒரு வாரம்.

பல் துலக்குவதை நிறுத்தக் கூடாது. மற்றப் பற்களை முதல் நாளிலிருந்தே மெல்லத் துலக்கி, குழிப் பக்கம் மட்டும் ஒதுங்கிப் போகவேண்டும். உணவுக்கு நம் சமையலறையில் பஞ்சமில்லை: ஆறிய கஞ்சி, குழைந்த தயிர்சாதம், பாலில் ஊறிய இட்லி. முறுக்கு, பொரி, வேர்க்கடலை, எள் உருண்டை ஆகியவை குழிக்குள் புகுந்து உட்காரும் இனங்கள், அவற்றை ஒதுக்குக. மிளகாய்க் காரமும் சில நாள் வேண்டாம்.

வலிக்குப் பாராசிட்டமால், இபுப்ரோஃபன் ஆகியவற்றை டாக்டர் எழுதித் தருவார். மரப்பு முழுதும் விலகுமுன் முதல் மாத்திரையைப் போட்டுக்கொண்டால் வலி ஏறாமல் தடுக்கலாம். வயிற்றுப்புண், சிறுநீரகக் கோளாறு, ஆஸ்துமா உள்ளவர்கள் இபுப்ரோஃபனைக் கேளாமல் எடுக்கலாகாது. ஆஸ்பிரின் வலிக்காக வேண்டாம். அது இரத்தத் தட்டுகள் ஒன்றோடொன்று ஒட்டுவதைத் தடுக்கிறது. தட்டுகளுக்கு உட்கரு இல்லாததால், ஆஸ்பிரின் முடக்கிய நொதியை அவற்றால் புதிதாக ஆக்கிக்கொள்ள முடியாது. தட்டின் ஆயுளான ஏழு முதல் பத்து நாள் வரை அது முடங்கியே கிடக்கும். ஆனால் இதயத்துக்காகத் தினமும் ஆஸ்பிரினோ வேறு இரத்தம் உறையாமைக்கான மாத்திரையோ சாப்பிடுபவர்கள், பல்லுக்காகத் தாமாகவே அதை நிறுத்திவிடுவது பேராபத்து. பிடுங்குமுன் பல் டாக்டரிடம் சொல்லிவிட்டால் அவர் தையல் போட்டோ, குழியில் மருந்து வைத்தோ பார்த்துக்கொள்வார். நீரிழிவு உள்ளதையும் மறைக்கக் கூடாது. எலும்பு மெலிவுக்காகவோ புற்றுநோய்க்காகவோ எலும்பைக் கெட்டிப்படுத்தும் மருந்துகள் எடுப்பவர்களும் அப்படியே. அத்தகையோரில் சிலருக்குத் தாடையெலும்பு ஆறாமல் பட்டுப்போவது 2003 ஆம் ஆண்டு முதல் மருத்துவ உலகுக்குத் தெரிய வந்துள்ளது.

எப்போது திரும்பிப் போகவேண்டும்? முறையாகப் பஞ்சு கடித்தும் சில மணி நேரமாக இரத்தம் நிற்காவிட்டால். மூன்றாம் நாளுக்குப் பின்னும் வீக்கம் வடியாமல் ஏறினால். காய்ச்சல், சீழ் கண்டால். உதட்டு மரப்பு மறுநாளும் விலகாவிட்டால். குறைந்த வலி திரும்பி வந்தால். விழுங்கவோ மூச்சுவிடவோ சிரமம் தோன்றினால் விடியட்டும் என்று காத்திராமல் உடனே ஆஸ்பத்திரிக்குப் போகவேண்டும்.

குழி நிரம்பும் கதை

கட்டி நிலைத்துவிட்டால் பிறகு நடப்பதைத் தடுக்க யாருக்கும் வேலையில்லை. இரண்டு மூன்று நாளில் குழியின் அடியிலிருந்தும் சுவர்களிலிருந்தும் புதிய தந்துகிகள் கட்டிக்குள் நுழைகின்றன. நாக்கால் தடவினால் மேலே வெண்மஞ்சள் படலம் ஒன்று தட்டுப்படும். அதைச் சீழ் என்று எண்ணிச் சுரண்டிவிடுபவர்கள் பலர். அது ஃபைப்ரின் படலம், இருக்கவேண்டியது. ஒரு வாரத்தில் கட்டியின் பெரும்பகுதி, செந்நிறமான இளந்திசுவாக மாறிவிடுகிறது. இரண்டாம் வாரத்திலிருந்து அடியில் புதிய எலும்பு தலைகாட்டுகிறது. மூன்று நான்கு வாரங்களில் ஈறு மேலே வளர்ந்து மூடுகிறது. ஆறு முதல் எட்டு வாரங்களில் குழியின் பெரும்பகுதி இளவெலும்பால் நிரம்பிவிடும்; அது முதிர்ந்து கெட்டிப்பட மேலும் பல மாதங்கள் ஆகும்.

இந்தக் கட்டியின் அருமையை உணர்ந்த பிரான்சு நாட்டு மருத்துவர் சூக்ரூன், 2001 ஆம் ஆண்டில் ஒரு வழி கண்டார். நோயாளியின் இரத்தத்தையே சிறிது எடுத்து, எந்த மருந்தும் கலவாமல், நிமிடத்துக்கு ஏறத்தாழ 3000 சுற்று வேகத்தில் பத்து நிமிடம் சுழற்றினால், கனமான சிவப்பணுக்கள் அடியில் தங்கி, நடுவில் தட்டுகள் செறிந்த ஃபைப்ரின் கூழ் ஒன்று திரள்கிறது. அதை எடுத்துக் குழியில் வைத்துத் தைக்கின்றனர். நான் துப்பி எறிந்த அதே பொருளை இயந்திரம் வைத்துத் திரட்டுகிறார்கள்!

குழி நிரம்பினாலும் தாடை பழைய வடிவத்தில் நிற்பதில்லை. எலும்பு தன்மேல் விழும் சுமைக்கேற்பத் தன்னை அமைத்துக்கொள்கிறது என்று ஜெர்மானிய மருத்துவர் ஊல்ஃப் 1892 ஆம் ஆண்டில் எழுதினார். மென்று தின்னும் விசை நின்ற இடத்தில் எலும்பு மெலிகிறது. அந்த இடத்தில் தாடை வரம்பின் அகலம் ஓராண்டில் ஏறத்தாழப் பாதியாகிவிடுகிறது; அதில் பெரும்பகுதி முதல் மூன்று மாதத்திலேயே போகிறது. பக்கத்துப் பற்கள் காலியிடத்தை நோக்கிச் சாய்கின்றன. எதிர்த்தாடைப் பல் எதிர்ப்பின்றி நீள்கிறது. மாற்றுப் பல் கட்ட விரும்புகிறவர்கள் புண் ஆறியதும் அதைப் பற்றிக் கேட்பது நல்லது.

எட்டாம் மாதத்தில் டாக்டர் என் தாடையை எக்ஸ்கதிர்ப் படம் எடுத்தார். எக்ஸ்கதிரைச் சுண்ணாம்புச் சத்து தடுப்பதால், எலும்பு படத்தில் வெண்மையாகத் தெரியும். பிடுங்கிய வாரத்தில் எடுத்த படத்தையும் பக்கத்தில் வைத்தார். அதில் குழி கருமையாக, அதன் சுவர் வெள்ளைக் கோடாகத் தெளிவாக இருந்தது. புதிய படத்தில் அந்தக் கோட்டைத் தேடினேன். காணவில்லை. சுற்றிலும் உள்ள எலும்பின் அதே நுண்ணிய பின்னல் அந்த இடத்திலும் ஓடிக்கொண்டிருந்தது.